சராசரி வயது பதிமூன்று

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், சிறுவர் மாயக்கதைகளுக்கான வயது நிர்ணயக் குழுவை அமைத்ததுதான். அதற்கு முன்பெல்லாம் குழந்தைகள் கையில் கிடைத்த புத்தகத்தை எடுத்து, பிடித்தால் படித்து, பிடிக்காவிட்டால் மூடிவைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தாலே குலை நடுங்குகிறது.

குழுவில் மூன்று பெரியவர்கள். வேலைப் பளு கருதி, புத்தகத்தைப் பிளேடால் மூன்றாகப் பிளந்து ஆளுக்கொரு பங்கு படிப்பார்கள். ஒருவர் பங்கை மற்றவர் தொடுவது ‘நெறிமுறை’க்கு விரோதம். பிளப்பதும், கூட்டம் முடிந்தபின் தைப்பதும், முடிவான வயதை அட்டையில் முத்திரை குத்துவதும் எழுத்தர் அம்மாவின் பொறுப்பு.

அன்று வந்தது, ஒரு மாயக்கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமியின் தாயைச் சூனியக்காரி கல்லாக்கிவிட்டாள். எழுத்தரின் ஒன்பது வயது மகள் எட்டு மாதமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மா திரும்பி வருவாங்களாம்மா? வேணாம், சொல்லாதே! நானே படிக்கணும்.”

ஒன்பதைத் தாண்டி எண் விழுந்தால் நூலகம் தராது, கடையும் விற்காது. அந்தக் கவலையில் எழுத்தர், பிளேடு போடுமுன் முழுப் புத்தகத்தையும் படித்துத் தொலைத்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் அழுதும்விட்டார்.

கூட்டம் கூடியது. முதல் பங்கைப் படித்த மொழி நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் ‘ஓ!’, ‘ஆ!’, ‘ஐயோ!’ சார். சராசரியா வாக்கியத்துக்கு ஒண்ணரைச் சொல். ஒரு வயசுக் குழந்தைகூடப் படிக்கும்.”

“ஒண்ணு. எழுதிக்கோங்கம்மா,” என்றார் தலைவர். “நடுப்பகுதி என்னோடது. ஒரு பொண்ணு தினமும் ஒரு சிலைகிட்ட உக்காந்து பேசுது. சிலை வாயே திறக்கலை. ஒழுக்கமான சிலை. எட்டு போடலாம்.”

கடைசிப் பங்கு மனநல ஆலோசகருக்கு. அவர் முகம் வெளிறியிருந்தது.

“சார், எங்கிருந்தோ ஒரு பொம்பளை வந்து அந்தப் பொண்ணைக் கட்டிப்பிடிச்சு அழறா! முன்னே பின்னே தெரியாத பொம்பளை! இதைத் தாங்க முப்பது வயசாவது ஆகணும்.”

எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. “சார், அது அவளோட அம்மா சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முழுசாப் படிச்சேன் சார்.”

“முழுசாவா?” தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். “முழுசாப் படிச்சவங்க பேசினா நடுநிலை என்னம்மா ஆகும்?”

எழுத்தரின் பணி நிரந்தரக் கோப்பு தலைவரின் முழங்கைக்கு அடியில் இருந்தது. எழுத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒன்று, எட்டு, முப்பது. கூட்டி மூன்றால் வகுத்தால் பதிமூன்று. அறிவியல் பூர்வமான அந்த எண்ணை எழுத்தர் அட்டையில் குத்தினார். குழு தேநீர் அருந்தி, நிம்மதியாகக் கலைந்தது.

வீட்டில் மகள் கதவைத் திறந்ததுமே கேட்டாள்.

“எத்தனைம்மா?”

“பதிமூணு.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “ஏன்? அந்த மாமாங்க யாரும் முழுசாப் படிக்கலையா?”

“அவங்க படிக்க மாட்டாங்கடா கண்ணு. அதான் அங்கே முறை.”

“முத்திரை யாரு குத்தினா?”

“நான்தான்.”

“நீயும் படிக்கலையா?”

“படிச்சேனே, ஒரு வரி விடாம.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவங்கதான் படிக்கலை. நீ ஏம்மா குத்தினே?”