மாமா உட்கார்ந்தால்தான் பேஸ் வரும்

உலகத்தில் காது உள்ளவர்கள் அநேகம். காதை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டு, கண், மூக்கு, மூளை முதலிய மற்றவற்றை வீட்டார் பொறுப்பில் விட்டுவிட்டவர்கள் தனி இனம். அந்த இனத்துக்கு நான் ‘ஜப்பான் பெட்டிக்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பழைய சாமான் கடையில், உடைந்த தையல் இயந்திரத்துக்கும் மூன்று கால் நாற்காலிக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்தக் காலத்திலோ ஜப்பானில் செய்த மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றின் முகத்துணியை விலக்கி, உள்ளே இருக்கும் காகிதக் கூம்பை, டாக்டர் குழந்தையின் வயிற்றைத் தொடுவதுபோல இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, “சும்மாதான். செருப்பு வைக்க ஒரு பெட்டி வேணும்” என்பார். கடைக்காரர் சிரிக்க மாட்டார். செருப்பு வைக்க ஜப்பான் பெட்டி தேடி வருபவர்களால்தான் அவர் குடும்பமே நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பிரசங்கம். “கொள்ளை மலிவு! இப்ப இதுமாதிரி செய்ய மரம் இல்ல, ஆள் இல்ல, ஜப்பானே இல்ல!” ஜப்பான் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அதற்கும் பதில் வைத்திருப்பார். நீளமான பதில்.

எனக்கு இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், ஒரு நல்ல மாதிரியை என் மகளுக்கே கட்டிவைத்திருப்பதுதான். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பகல் முழுவதும் ஊராரின் மூக்கில் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப தெளிவா இருக்கா, முன்னால இருந்ததா? இப்பவா, முன்னாலயா?” என்று கேட்பது தொழில். மாலையில் வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் ஒரு கம்பியை மாற்றி, அதே கேள்வியை மனைவியிடம் கேட்பது வாழ்க்கை. ஊருக்கெல்லாம் கண் கொடுக்கிற மனிதர், பாட்டுக் கேட்கும்போது மட்டும் தம் கண்ணைத் திறக்கவே மாட்டார். திறந்தால் சத்தம் மூடிக்கொள்ளுமாம்.

பொய் சொல்லக் கூடாது. ஜப்பான் பெட்டிகள் இரண்டு அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, கையில் கிடைத்த சாதாரண வயரில் மாட்டியபோது, நன்றாகவே பாடின. பாடுகிறவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே பாடுகிறாளோ என்று தோன்றியது. என் மகள் ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றவள், பாட்டு முடிகிறவரை கையைத் துடைக்கவில்லை. சாதாரண மனிதன் என்ன செய்வான்? இன்னொரு பாட்டுப் போடுவான். மாப்பிள்ளை என்ன செய்தார்? ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் திறக்கணும்” என்றார்.

“எதை?”

“சத்தத்தை.”

“அது எப்பங்க மூடியிருந்தது?” என்று அவள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்கிற சுண்டுவிரல் அளவு உதிரியை மாற்றினால் கேட்கிற நுணுக்கங்களில் மனைவியின் குரல் சேராது.

அதன்பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை அலங்கோலம் என்று சொன்னால் அலங்கோலத்துக்கு அவமானம். கூம்பின் விளிம்பு நைந்துபோயிருக்கிறது என்று புதிது ஒட்டினார். வயர் மெலிசாக இருக்கிறது என்று தோட்டத்துக் குழாய் கனத்தில் ஒன்று வாங்கிவந்தார். பெட்டிக்குள் பஞ்சு குறைவு என்றார்; அன்றைக்கு ராத்திரி என் மகளின் தலையணை தட்டையாக இருந்தது. சுவரில் இருந்த நிலைக்கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று வெளியேற்றினார். கண்ணாடிக் கடைக்காரர் மனைவி ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். பெட்டியின் முதுகில் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. செய்த மேதையின் கையெழுத்து என்று தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு அந்த மொழி தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார்: ‘ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.’

எல்லாம் ஆகியும் ஒரு குறை. பேஸ் வரவில்லை. பேஸ் என்றால் அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த சத்தம். அது இல்லாமல் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரத்தில் வருகிறேன் என்று அங்கே போய்ச் சேர்ந்தார். நல்ல உடம்பு அவருக்கு. மேலே எப்போதும் ஒரு கம்பளிச் சட்டை, தலையில் குல்லா. சாப்பிட்டதும் கூடத்து மூலை நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தார். மாப்பிள்ளை புதுக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்துப் பாட்டைப் போட்டார். கண்ணை மூடினார்.

பேஸ் வந்தது.

சும்மா வரவில்லை, தரை அதிர, ஜன்னல் கம்பி முனக வந்தது. பாட்டு முடிந்தது. பேஸ் முடியவில்லை.

“பாரு! பாட்டு நின்னும் பேஸ் நிக்கல! இதுதான் ஜப்பான்!” என்று மாப்பிள்ளை கண்கலங்கினார்.

“ஐயோ, அது அப்பாங்க” என்றாள் மகள்.

“அதேதான் நானும் சொல்றேன், மாமாவாலதான்! அவர் உடம்பும் கம்பளியும் மூலையில எதிரொலியை அப்படியே குடிச்சுடுது. மாமா உக்காந்தாதான் பேஸ் வரும்!”

அன்றோடு என் வீட்டுக்காரர் விருந்தாளி அல்ல; உதிரிபாகம். வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. போனில் ரகசியக் குரலில் பேசினார்.

“எழுந்திருக்க விட மாட்டேங்கறார்டி. தண்ணி குடிக்கப் போனாக்கூட, ‘மாமா, மாமா, அடிப்பக்கம் கலங்குது’ன்னு பிடிச்சு உக்கார வெக்கறார்.”

“கண்ணாடியை வாங்கிக்கிட்டுக் கிளம்புங்களேன்.”

“எங்கயோ வெச்சுட்டாராம், தேடறாராம். கண்ணாடி இல்லாம எனக்கு ராஜா எது ராணி எதுன்னு தெரியல. இங்கயே இருந்தா நம்ம சீட்டுக் கச்சேரில என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவானுங்க. அந்த அவமானத்தை விட இங்கயே செத்துடலாம்.”

சீட்டுக்குத்தான் அழுகிறாரே தவிர எனக்காக அல்ல என்பதைக் கவனித்தேன். இருந்தாலும் என் புருஷன். இன்னொரு வீட்டு மூலையில் பஞ்சுக்குப் பதிலாக விட்டுவைக்க முடியுமா? எங்கள் வீட்டு டேபிள் ஃபேனைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஃபேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறக்கை ஒன்று வளைந்தது. சுழல விட்டால் உறுமும். கல்யாணமான நாளிலிருந்து, உறுமுவது ஃபேனா புருஷனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வந்ததில்லை.

போனேன். மாப்பிள்ளை கடையில் இருந்தார். முதலில் மூக்குக்கண்ணாடி. மகளும் நானும் அலமாரி, மேஜை எல்லாம் துழாவினோம். கடைசியில் பார்த்தால், சத்தம் காதுக்கு நேராக வரவேண்டும் என்று மாப்பிள்ளை இடதுபக்கப் பெட்டியை லேசாகச் சாய்த்து அடியில் முட்டுக் கொடுத்திருந்தாரே, அந்த முட்டுதான் என் வீட்டுக்காரரின் கண்ணாடிக்கூடு! அதை உருவிவிட்டு ஒரு சோப்பு டப்பாவைச் செருகினேன். பிறகு பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டி நாற்காலியில் சாய்த்து, கம்பளிச் சட்டையை மாட்டி, குல்லாவை வைத்து, பின்னால் ஃபேனை ஒளித்து, சுவிட்சை மகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தோம்.

“அம்மா, இது நடக்குமா? அவர் கண்ணைத் திறந்து பாத்துட்டா?” என்றாள் மகள்.

“எப்பத் திறந்தார்?”

மாப்பிள்ளை வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் திரைக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் புதுக் கண்ணாடி வழியாக மெத்தையைப் பார்த்து, “எனக்கு இவ்வளவு தொப்பையா இருக்கு?” என்று கிசுகிசுத்தார். அவர் வாயைப் பொத்தினேன்.

பாட்டு எழுந்தது. ஃபேன் உறுமியது. மாப்பிள்ளை மூடிய கண்ணோடு மூலைப் பக்கம் திரும்பி, “மாமா, இப்ப நல்லா இருக்கா, முன்னால நல்லா இருந்ததா?” என்று கேட்டார்.

மெத்தை பேசவில்லை.

“பேச்சே வரல பாரு மாமாவுக்கு!” என்று உருகினார். நாங்கள் வாசலைத் தாண்டினோம்.

மறுநாள் என் வீட்டுக்காரர் சீட்டில் எல்லாரையும் தோற்கடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளையிடமிருந்து போன்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க. மாமா இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். முன்னெல்லாம் நடுநடுவுல இருமுவார், புரளுவார். இப்ப ஒரே சீரா உக்காந்திருக்கார். சத்தம் முழுசாத் திறந்துடுச்சு!”

“சாப்பிடறாரா மாப்பிள்ளை?”

“உங்க பொண்ணு பாத்துக்கறா. ஏன் அத்தை, மாமாகிட்ட போனைக் குடுக்கட்டுமா?”

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். “தூங்கறேன்னு சொல்லிடு” என்றார் என் வீட்டுக்காரர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஃபேன் உறுமுகிறது என்று படித்தபோது, உங்கள் தலைக்கு மேலே சுற்றுவதை ஒருதரம் காதைச் சாய்த்துக் கேட்டீர்களே, நான் பார்க்கவில்லை என்று நினைப்பா? உங்களிடம் ஜப்பான் பெட்டி இல்லாமல் இருக்கலாம். கைபேசி இருக்கும், கிரிக்கெட் இருக்கும், ஏன், இந்தப் புத்தகமே இருக்கிறது. கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் மூலை நாற்காலியில் இத்தனை நாளாக உட்கார்ந்திருப்பவரை நன்றாகப் பாருங்கள்.

இப்போது தெளிவாக இருக்கிறதா, முன்னால் இருந்ததா?