சில்வர் பேனாவில் எழுதிய சாவி

அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை சலித்துத் தேடினாலும் சிஸ்டம் மாதிரி ஒரு சந்தேகப் பிராணி அகப்படாது. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அச்சாகும். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் மேனேஜர் முதல் கேன்டீன் அம்மா வரை அவரை சிஸ்டம் என்றேதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்களிடமிருந்து அவற்றைக் காப்பாற்றுவதுதான் தன் வேலை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

பாஸ்வேர்ட் அடிக்கும்போது கீபோர்டின் மேல் கர்ச்சீப்பை விரித்து, அதற்கு அடியில் கையை விட்டு அடிப்பார். கண் தெரியாமல் அடித்தால் தப்பாகத்தானே விழும்? மூன்று தடவை தப்பானால் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். உடனே யாரோ நோண்டியிருக்கிறான் என்று எங்களை வரிசையாக முறைப்பார். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், எந்த பஸ் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் கிளார்க். என் மனைவி எஸ்தருக்கு அதே கம்பெனியில், ஷூ தைக்கும் இரண்டாம் லைனில் வேலை. அந்த லைனுக்கு வேட்டு வைப்பது போல எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கம்பெனியின் அத்தனை பாஸ்வேர்டுகளையும் ஒரே மென்பொருள் பெட்டகத்துக்குள் வைக்கவேண்டும். பெட்டகம் தன் பாஸ்வேர்டை மட்டும் கேட்டுத் திறந்துவிடக் கூடாது. போனில் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வந்து பார்ப்பார். தேறாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லையென்றால் இரண்டாம் லைன் நிற்கும் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். எஸ்தர் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை எல்லா பாஸ்வேர்டுகளும் சிஸ்டத்தின் மண்டைக்குள்தான் இருந்தன. அவர் லீவு போட்டால் கம்பெனிக்கே லீவு. இப்போது பெட்டகத்தை அமைக்கும் பொறுப்பும் அவரிடமே போனது. ஆறு பேர் திறக்கலாம் என்றது மென்பொருள். ஆறு பேருக்கான எண்ணையும் தன் ஒரே போனில் ஏற்றிக்கொண்டார் மகானுபாவர்.

அந்தப் போன் எங்கே இருக்கும்? கேட்டில். புது டிசைனை யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாது என்பதால், போனை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எங்கள் கம்பெனிக்குள் நுழையலாம். பெட்டகத்தில் போனைப் பதிவு செய்ய மட்டும் மேனேஜர் கையெழுத்து போட்ட சீட்டோடு ஒருமுறை மேலே கொண்டுவந்தார், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியும் கேட்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் சட்டமாம்.

ஆபீஸ் இரண்டாவது மாடியில். படியிறங்கி ஓடி, எண்ணைப் பார்த்து, மேலே ஓடிவந்து அடிப்பதற்குள் அது காலாவதி ஆகியிருக்கும். ஒரே காலையில் பதினோரு தடவை ஓடினார். தொந்தியைக் குறைக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து வாட்ச்மேன் மோர் கொடுத்தார்.

மறுநாள் சிஸ்டம் புது வழி கண்டுபிடித்தார். அதாவது, வாட்ச்மேன் போனைப் பார்த்து எண்ணை மைக்கில் படிக்கவேண்டும். கம்பெனி முழுக்க ஸ்பீக்கர். கட்டிங்கில் கேட்டது, தையலில் கேட்டது, கக்கூஸில் கேட்டது. இரண்டாம் லைன் பெண்கள் கூடவே சேர்ந்து சொல்லப் பழகிக்கொண்டார்கள். ரகசியம் ஊர் முழுக்க ஒலிக்கிறதே என்று சிஸ்டம் வியர்த்தார். அரை நிமிடத்துக்கு அப்புறம் அது செல்லாது சார் என்றேன்.

"அந்த அரை நிமிஷத்துல இன்னா வேணா நடக்கும்பா" என்றார்.

போன் தொலைந்தால் பயன்படுத்த மென்பொருள் பத்து அவசர எண்களைக் கொடுத்திருந்தது. காகிதத்தில் எழுதினால் ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள் என்று, ஒரு தோல் துண்டில் சில்வர் பேனாவால் எழுதி, இரண்டாம் லைன் ரேக்கில் மற்ற துண்டுகளோடு செருகிவைத்தார். தோல் கம்பெனியில் தோலை எவன் திருடுவான் என்பது அவர் கணக்கு. சில்வர் பேனா எதற்கு? எங்கே தைக்கவேண்டும் என்று கோடு போட. தைத்ததும் அந்தக் கோடு துளிகூடத் தெரியக் கூடாது என்று துடைப்பதற்கே தனி ஆள் உண்டு. இருபது வருஷம் ஷூ கம்பெனியில் குப்பை கொட்டியவருக்கு இது தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம், தன் போனை வாட்ச்மேன் நோண்டுவதாகச் சிஸ்டத்துக்குச் சந்தேகம் தட்டியது. உடனே போனில் இருந்த சகலத்தையும் அழித்து, புதுசு போல ஆக்கிவிட்டார். அந்த ஆறு இலக்க எண்ணும் அதோடு போயிற்று என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் அம்மா வந்து உட்கார்ந்தார். பெட்டகம் எண் கேட்டது. இதில் ஒன்றுமே இல்லீங்களே சார் என்று வாட்ச்மேனின் குரல் கம்பெனி முழுக்க ஒலித்தது. சிஸ்டம் இரண்டாம் லைனுக்கு ஓடினார். மேனேஜரும் நானும் பின்னால் ஓடினோம். ரேக்கில் அந்தத் தோல் துண்டு பளபளவென்று சுத்தமாக இருந்தது. துடைக்கும் ஆள் யார் தெரியுமா? எஸ்தர்.

"கோடு இருந்துச்சி சார், தொடைச்சிட்டேன். அதானே என் வேலை" என்றாள்.

சிஸ்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளைத் தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட்டிருப்பேன். அவருடைய சந்தேக வியாதிக்கு என் மனைவியும் அந்த லைன் பெண்களும் ஏன் வேலையை இழக்கவேண்டும்?

எஸ்தர் மட்டும் துண்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்து சாய்த்துப் பார்த்தாள். "அழுத்தி எழுதியிருக்கீங்க சார். தடம் தெரியுது. படிக்கட்டுமா?"

அந்த நிலையிலும் சிஸ்டம் எழுந்து, எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள் என்றார். மேனேஜர் உட்பட அத்தனை பேரும் திரும்பி நின்றோம். அப்புறம் எஸ்தரை மாடிக்குக் கூட்டிப்போனார், மேனேஜரும் நானும் பின்னாலேயே ஏறினோம். அவள் அவர் காதில் ஓத, அவர் கர்ச்சீப்புக்கு அடியில் அடித்தார். முதல் எண்ணில் ஏழா ஒன்றா என்று குழம்பித் தப்பாயிற்று. இரண்டாவது எண்ணுக்குப் பெட்டகம் திறந்தது.

ஆடிட்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இன்னொருவர் போனிலும் அந்த எண் வரவேண்டும், அதுவும் இப்போதே. அப்போதுதான் பாஸ். சிஸ்டத்தின் முகம் வெளுத்தது. பிறகு என்னிடம் வந்தார்.

"உன் போனை எட்த்துனு வாப்பா."

"மேனேஜர் இருக்காரே சார்?"

"அவரு வேணாம். நீ எட்த்துனு வா."

மேனேஜரிடம் சீட்டு வாங்கிக் கேட்டிலிருந்து போனைக் கொண்டுவந்தேன். அதில் எண்ணை ஏற்றும்போது அவர் கர்ச்சீப்பை விரிக்கவில்லை. அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் லைன் இன்றும் ஓடுகிறது. சிஸ்டம் போன வருஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் பையன் எல்லாரையும் நம்புகிறான், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, எனக்குத்தான் ஆபீஸ் பிடிக்கவில்லை. பள்ளிகொண்டா பக்கம் போகிறவர்கள் அவரைப் பார்த்தால், என்னிடம் கொடுத்தது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.