மீசைக்குப் போட்ட உரம்

ஆண்சிங்கம் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டையின் மேல் பொத்தான் அதற்குப் பகை. வீட்டில் தொட்டில் ஆடவில்லையென்றால் குற்றவாளி யாரென்று விசாரணையே இல்லாமல் தீர்ப்பெழுதிவிடும்.

செஞ்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இளையபெருமாள் இந்த இனத்தில் கலப்படமற்ற சரக்கு. மணமாகி நான்கு வருஷம், பிள்ளையில்லை. மனைவி விருத்தாம்பாள் கோயில் கோயிலாகச் சுற்றினாள், மண்சோறு தின்றாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறினாள். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்காரரை இட்டுக்கினு வா" என்றார்கள் எல்லா இடத்திலும். வருவானா? கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து மருந்துக்கடை ராஜாங்கத்திடம் வாரந்தோறும் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறவன் அவன்! தோள் புடைத்திருக்கிறது, மீசை கருவேலங்காடாக மண்டியிருக்கிறது. அவனுக்கா குறை? தொண்டூரில் இரண்டாந்தாரம் பார்த்துவிட்டான்.

பெண்ணின் தகப்பன் பொன்னுசாமி விவரமானவர். "டெஸ்டு எடுத்துட்டு வா மாப்ள. அப்பால தாலியப் பேசலாம்."

சிங்கம் அசருமா? முதல் நாளே இரட்டை ஊசி போட்டுக்கொண்டது. விதைக்குமுன் எரு போடுவதில்லையா, அந்தக் கணக்கு. விருத்தாம்பாளையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறியது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சொன்னார்: "விந்தணு ஒண்ணுகூட இல்ல."

"இன்னாம்மா சொல்றீங்க? நேத்துகூட டபுள் ஊசி போட்டேனே!"

"எத்தினி நாளா?"

"நாலு வருசமா!" என்றான், பதக்கம் காட்டுகிறவன் போல.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தடித்த புத்தகமொன்றைப் பிரித்தார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த, ஆணின் விதைப்பைச் செல்களின் இரண்டு படங்கள். ஒன்றில் சந்தை நாள்போல எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மற்றதில் கடையடைப்பு. "வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்து கொட்டினா, மூளை விதைக்கு உத்தரவு குடுக்கறத நிறுத்திடும். உள்ள இருக்கற செல்லு சுருங்கிடும், விந்தணு பாதியிலயே நின்னுடும். ஊசிய விட்டுடுங்க. மாசக்கணக்காகும், ஆனா பெரும்பாலும் திரும்பி வந்துடும்."

விருத்தாம்பாளின் முகத்தில் நான்கு வருஷத்துக்குப் பின் வெளிச்சம் வந்தது. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஊசிய நிறுத்தினா மீச கொட்டிப்பூடுமா டாக்டரம்மா?"

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் காதருகே குனிந்தான். "ராஜாங்கம் குடுத்தது டூப்ளிகேட்டு மருந்து. மெட்ராஸ்ல ஒஸ்தி ஊசி கெடைக்குதாம். ஊட்ல கேட்டா உனுக்குத்தான் கொறைன்னு சொல்லு, இன்னா?"

அவள் குனியவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். "கண்டக்டரே, தொண்டூருக்கு எங்க எறங்கணும்? அங்க ஒரு பொண்ணுகிட்ட இந்த ஆளு ரிசல்ட்ட சொல்லிட்டு, நான் எங்க நைனா ஊட்டுக்குப் போவணும்."

எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின. சிங்கம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி மீசையைத் தடவியது, இருக்கிறதா என்று.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் மருமகளை இதுவரை எத்தனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்? மகனை எத்தனைக்கு? பதில் சொல்லுங்கள். அதற்குமுன் அந்தக் கையை மீசையிலிருந்து எடுங்கள்.