பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் மச்சானுக்கு எழுதியது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் உடனே வந்து அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும்.

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பட்டப்பெயர் ‘கியர் மாமா’. கற்க வரும் பெண்களின் கைமேல் தன் கையை வைத்துத்தான் கியர் போடச் சொல்லித் தருவார். வண்டி நாலாவது கியருக்குப் போன பிறகும் அந்தக் கை திரும்பி வராது. முன்பெல்லாம் அந்தப் பெண்கள் மறுநாள் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவார்கள், அத்தோடு சரி. போன வாரம் ஒரு நர்ஸ், வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, “கையை எடுங்க” என்றாள். பின்னால் பஸ் ஹாரன் அலறுகிறது. இவர், “நீ என் மக மாதிரிம்மா” என்றார். “மகளுக்கும் இப்படித்தான் கியர் போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, இறங்கி நேரே முதலாளியம்மாவிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். பின் சீட்டில் இருந்த சாட்சி யார்? அடியேன்.

“நீங்க என்ன பார்த்தீங்க?”

“கண்ணாடியைப் பார்த்துக்கிட்டிருந்தேம்மா.”

“அதுல என்ன தெரிஞ்சுது?”

“பஸ்” என்றேன். பொய்யில்லையே மச்சான்!

பார்த்ததை எழுதித் தரச் சொன்னார் முதலாளியம்மா. இனி யாரும் யாரையும் தொடாமல் கற்றுத்தர வேண்டும் என்றும் உத்தரவு. நான் மர ஸ்கேலால் கியரைச் சுட்டிக் காட்டினேன். புதிதாகச் சேர்ந்த ரிட்டயர்டு டீச்சர், வாழ்நாளெல்லாம் ஸ்கேல் பிடித்தவர், தன்னை அடிக்கப் போகிறேன் என்று பயந்து பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். சலூன் பெயர்ப்பலகை எங்கள் பானட்டில் வந்து படுத்தது. பாதி சவரம் செய்த ஒருவர் நுரையோடு ஓடிவந்து திட்டியதை எழுத்தில் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, பஸ் பார்த்த கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “காலம் கெட்டுப்போச்சு. நீயும்தான் கார்மெண்ட்ஸ் கம்பெனியில வேலை பார்த்தே, இப்படியா ஊரைக் கூட்டினே?” என்று உங்கள் தங்கையிடம் கேட்டுத் தொலைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் அந்த வேலையை ஏன் விட்டேன்?”

“இடுப்பு வலின்னு.”

“வலி இல்ல. சூப்பர்வைசர்.”

மச்சான், வேலையை விட்ட நாளிலிருந்து அந்த இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டவன் நான். ‘இப்போ தேவலையா?’ என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தேனே! என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். “சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? நீங்கதான் பஸ் பார்க்கற ஆளாச்சே” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அங்கே கியர் மாமா, “நீ நம்ம ஆளு, எதையும் பார்க்கலன்னு எழுதிக் கொடு” என்று போனில் பிடுங்குகிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள். பழசைக் கிளறாதே என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தூக்கமும் பேச்சுத்துணையும் இழந்த
தங்கள் தங்கை கணவன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். “அண்ணனையா கூப்பிடுறீங்க? அன்னைக்கு நான் அழுதுக்கிட்டு ஓடிப்போய்ச் சொன்னதே அண்ணன்கிட்டதான். இடுப்பு வலின்னு சொல்லிட்டு நின்னுடுன்னு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்” என்றாள்.

ஆகவே தாங்கள் வர வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுக்க நான் கிளம்பிவிட்டேன். அவளிடமும் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.