கம்போடியாவின் கடனும் பிம்பாவின் கூரையும்

உலகத்தில் கடன் வாங்குகிறவர்கள் ஓர் இனம், கொடுக்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனத்தைப் பார்க்க வேண்டுமானால் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் எங்கள் தெருமுனை நூடுல்ஸ் கடைக்கு வாருங்கள். காலையில் முதல் மேசையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் மிளகாய்ப்பொடியைக் கொட்டிக்கொண்டே, உலக வங்கி முதலான பெரிய இடங்களில் எங்கள் லாவோஸ் எவ்வளவு வாங்கியிருக்கிறது, கம்போடியா எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று கைப்பேசியில் துழாவிக்கொண்டிருப்பார் புன்தவி. ஒப்பீட்டாளர். கடை அவருடைய மனைவி பிம்பாவுடையது. உழைப்பும் பிம்பாவுடையதுதான்.

ஒப்பீட்டாளருக்குத் தோல்வியே கிடையாது. வாங்கியதில் திருப்பிக் கொடுத்ததைக் கழித்தால் வருவது நிகரக் கடன். அது கம்போடியாவுக்குக் கூடினால், "ஊதாரிப் பசங்க." எங்களுக்குக் கூடினால், "நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை!" அவர்களுக்குக் குறைந்தால், "கேட்டும் எவனும் தரல." எங்களுக்குக் குறைந்தால்? சுயமரியாதை.

"அண்ணே, போன வாரம் மாத்தில்ல சொன்னீங்க?" என்றார் டுக்டுக் ஆட்டோ ஓட்டும் சிசவாத்.

"போன வாரம் நீ சரியாக் கேக்கல தம்பி. சூப்பு ஆறுது, குடி."

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? பிம்பாவுக்கு. கடையின் தகரக் கூரை துருப்பிடித்து, சட்டியைவிடச் சல்லடைக்கு நெருங்கிய உறவாகிவிட்டது. மழைக்கு முன் வங்கியில் கொஞ்சம் கடன் வாங்கி மாற்றிவிடலாம் என்று அவர் கெஞ்சாத நாளில்லை.

"ஏங்க, இந்த மழைக்கு இது தாங்காதுங்க. வங்கியில புருஷன் கையெழுத்தும் வேணுமாம், வந்து ஒண்ணு போட்டா போதும்."

"எதிர்க்கடைத் தாவோன் கூரையைப் பாத்தியா? நம்மளைவிட ரெண்டு ஓட்டை கூட."

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு தாவோன் கடன் வாங்கிப் புதுக்கூரை போட்டுவிட்டாள். தெருவையே அழைத்து விருந்து வைத்தாள். எல்லோரோடும் உட்கார்ந்து, மணிக்கட்டில் வாழ்த்துக்கான வெள்ளை நூல் கட்டிக்கொண்டு, அவித்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பிய புன்தவி, அன்றைக்கே ஒப்பிடும் கடையை மாற்றிக்கொண்டார். தெருக்கோடியில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அதற்குக் கூரையே இல்லை.

"இப்ப சொல்லு பிம்பா, யாரு தேவலாம்?"

பிம்பா சூப்பைக் கிளறப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த மனுஷன் தலையில் சூப்பைக் கொட்டலாமா என்றிருந்தது.

மழை வந்தது. எங்கள் கிண்ணங்களில் சூப்பு குறையவே இல்லை, குடிக்கக் குடிக்க ஏறிக்கொண்டே போனது. பிம்பா அடுப்பை அணைத்தார். "சிசவாத் தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றார். இருவருமாகப் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, தாவோன் கடையில் ஒரு மூலையில் இறக்கினார்கள். பின்னாலேயே கிண்ணங்களோடு நாங்களும் போனோம்.

புன்தவி மட்டும் அசையவில்லை. சொட்டச் சொட்ட உட்கார்ந்து தெருக்கோடியைப் பார்த்துவிட்டு எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வண்டிக்காரன் இன்னிக்கு வரவே இல்ல. நம்ம கடையாவது தொறந்திருக்கு!"

இந்த இனம் லாவோசில் மட்டும்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். படித்துக்கொண்டே வந்தீர்களே, நடுவில் எங்காவது, 'சே, இந்த ஆளுக்கு நான் எவ்வளவோ மேல்' என்று ஒரு நிம்மதி வந்ததா?

வந்ததா? அப்படியானால் முதல் மேசையில் புன்தவியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன்.