மாட்டில் தொடங்கி மோர் வரை

திண்டுக்கல்லில் எத்தனையோ விதமான மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பசித்தால் ‘சோறு போடு’ என்று வாய் திறந்து கேட்கத் தெரியாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் ஆயத்தம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் நான் சமையல்காரன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் சாம்பார் ஊற்றும்போது காதில் விழுந்ததிலேயே பாதி வாத்தியார் ஆகிவிட்டேன். அங்கே இரண்டு வருஷம் படிக்க வேண்டும். குழந்தை மனோதத்துவம் படிக்க வேண்டும், தக்ளியில் நூல் நூற்க வேண்டும், பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை வீங்க வேண்டும். கடைசியில் பரீட்சை அதிகாரி முன்னால் உண்மையான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் சர்ட்டிபிகேட், சர்ட்டிபிகேட் இருந்தால்தான் வேலை.

அந்தப் பாடத்தின் முதல் படிக்குப் பெயர் ‘ஆயத்தம்’. பிள்ளைகளுக்குத் தெரிந்ததைக் கேட்டுக் கேட்டு, தெரியாத பாடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். பாடத்தின் பெயரை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. அது பிள்ளைகள் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நம்மவர் அதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார்.

அவர் பழனிக்கு அப்பால் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். முதல் நாளே தட்டோடு வந்து நின்றார்.

“ஏனுங்ணா, மாடு என்னங்க குடுக்கும்?”

“பாலு.”

“அது ஒறைஞ்சா?”

“தயிரு.”

“அதுல தண்ணி ஊத்திக் கடைஞ்சா?”

“மோரு. இப்ப என்ன தம்பி வேணும் ஒனக்கு?”

“அதேதானுங்க. ஒரு கரண்டி ஊத்துங்க.”

பின்னால் இருபது பேர் வரிசையில் நின்று கத்தினார்கள். அவர் முகத்திலோ பாடம் முடித்த திருப்தி.

இன்னொரு நாள் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்டார்.

“ஏனுங்ணா, அடுப்புக்குள்ள எரியறது என்னங்க?”

“வெறகு.”

“அடுப்புக்கு வெளியில, ஒங்க முதுகுக்குப் பின்னால எரிஞ்சா அதுக்கு என்னங்க பேரு?”

திரும்பிப் பார்த்தேன். கொடியில் கிடந்த என் துண்டு பாதி எரிந்திருந்தது. “ஐயோ, தீ!” என்று அலறினேன்.

“ரொம்பச் சரிங்க!” என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

இப்படிப்பட்டவர் பரீட்சையில் என்ன செய்திருப்பார்? முதல் தடவை ‘மழை’ என்ற பாடம். கடல், உப்பு, ஊறுகாய் என்று போய்க்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது. அடுத்த தடவை ‘தபால்காரர்’. மணி அடித்தபோது பிள்ளைகள் சைக்கிள் வரைக்கும் வந்திருந்தார்கள். இரண்டு தடவையும் தோல்வி. அவருக்காக ஒரு வேலையைக் காலியாக வைத்திருந்த ஊர்ப் பள்ளி நிர்வாகி கடிதம் போட்டார்: இந்த முறையும் சர்ட்டிபிகேட் இல்லாமல் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன். அந்தக் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிட வரவில்லை. மோர் மிஞ்சியது.

மூன்றாவது தடவை கிடைத்த பாடம் ‘பூட்டு’. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைவிட லேசான பாடம் உண்டா? என்னிடம் ஆறு கேள்வி கேட்டு அரிசி அறைப் பூட்டை வாங்கிச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் ‘பூட்டு’ என்று சொன்னதும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

பரீட்சை அதிகாரிக்குத் தேநீர் கொண்டுபோன நான், பாடம் நடக்கிறதே என்று உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“வீட்டு வாசல்ல என்ன இருக்கும்?”

“கோழி சார்!”

“அப்புறம்?”

“கதவு!”

“எல்லாரும் ஊருக்குப் போறீங்க. கதவ என்ன செய்வீங்க?”

“சாத்துவோம்.”

“சாத்திட்டு?”

“போயிருவோம் சார்.”

“திருடன் வந்தா?”

“எங்க வீட்டுக்கு அவன் எதுக்கு சார் வாரான்?”

அத்தனை பேரும் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்பன்மார் பகலெல்லாம் பூட்டுக்கு அரம் போடுகிறார்கள். ஆனால் பூட்டிவைக்க வீட்டில் ஒன்றும் கிடையாது. இது எந்தப் பாடக்குறிப்பிலும் இல்லை. அவர் சட்டை நனைந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த, அவருக்குப் பயிற்சி தந்த ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதி நேரம் போயிருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

“சார், நீங்க பூட்டத்தான கேக்குறீங்க? பையில தொங்குது, தெரியுது. நேரா கேட்டா அப்பவே சொல்லிருப்போம்ல?”

வகுப்பே சிரித்தது. அவர் பூட்டை வெளியே எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் கேட்டவரையில் தம் வாழ்நாளின் முதல் நேரான கேள்வியைக் கேட்டார்.

“இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

பூட்டு கைமாறியது. “இது லிவர் சார்”, “சாவி இதத் தூக்கும் சார்”, “ஏலே, தள்ளு, நான் சொல்றேன்!” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதெல்லாம் பதில் தெரியாமல் கேட்ட கேள்விகள். மணி அடித்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்த ஆறிப்போன தேநீரை அதிகாரி ருசி பாராமல் குடித்தார்.

“இவன் ஆயத்தத்தத் தாண்டினத நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார் பயிற்சி தந்த ஆசிரியர். நம்மவர் தேறிவிட்டார். என் பூட்டும் திரும்பி வந்தது, சாவி மட்டும் வளைந்திருந்தது.

சர்ட்டிபிகேட் வாங்கிய அன்று தகரப் பெட்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். திருந்தியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

“ஏனுங்ணா, பழனி பஸ்ஸு எந்தப் பக்கமுங்க போவும்?”

“கெழக்க.”

“இல்லீங்ணா, நல்லா யோசிங்க. பெட்டியோட ஒரு ஆளு வந்து நின்னா, அவருகிட்ட என்னங்க சொல்லுவாங்க?”

“பெட்டியில என்ன இருக்குன்னு கேப்பாங்க.”

அவர் பொறுமையாக அடுத்த கேள்விக்குப் போனார். என் வாயிலிருந்து அவர் வரவழைக்கப் பார்த்தது ‘போயிட்டு வா தம்பி’ என்ற மூன்று சொற்கள். அது எனக்கு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாசலில் பஸ் ஹாரன் அடிக்கும் வரையில் தப்புத் தப்பாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.