கிளட்ச் கால்

கண் விழித்ததும் பஸ் டிரைவர் முதலில் தேடியது தன் இடது காலைத்தான். அது இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை.

"ஐயோ, என் கிளட்ச் காலு போச்சே!"

காலையிலிருந்தே அந்தக் கால் மேல் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மைத்துனன் அலறியடித்து எழுந்தான். வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய மனைவி ஓடிவந்தாள்.

காலையில் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பச்சை அங்கி மாட்டி, பயம் தெளிய ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். "முதுகுத்தண்டுல ஊசி போடுவோம், இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும்" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஒரே இருட்டு. வயிற்றில் வலியே இல்லை. அதையும் மரப்பின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். ஆனால் கால் வராவிட்டால் வேலை ஏது? மனுஷர் கதிகலங்கிப் போனார்.

"கிள்ளுறேன், தெரியுதா மாமா?"

"கிள்ளுறியா? எப்போ?"

மைத்துனன் செல்போனை எடுத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இந்த ஊசியால சில பேருக்கு நரம்பு பாதிக்குமாம். கால் மரத்தே கிடக்குமாம். தலை வலிக்குமாம், உக்காந்தா அதிகமாகுமாம். உக்காந்து பாருங்க."

டிரைவர் உட்கார்ந்தார். அதுவரை இல்லாத தலைவலி கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றது.

"வலிக்குதுடா!"

"அப்ப மட்டமாப் படுக்கணும். தலையணை ஆகாது."

வெடுக்கென்று உருவினான். மண்டை கட்டில் கம்பியில் ணங்கென்று மோதியது.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"ரெண்டாத் தெரியுற. ஒருத்தனையே தாங்க முடியலடா!"

"அதுவும் இதுல போட்டிருக்கு மாமா!"

மனைவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வியாதியப் படிச்சது போதும். அதுக்கு மருந்து என்னன்னு பாருடா!"

"காபி குடிச்சா தலைவலி குறையுமாம்க்கா."

அவள் கேன்டீனுக்கு ஓடி இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். டிரைவர் இரண்டையும் மடக் மடக்கென்று குடித்து முடித்தார். தலை கொஞ்சம் தெளிந்தது. காலில் எறும்பு ஊறுவதுபோல் ஒரு குறுகுறுப்பு. கட்டைவிரல் மெல்ல அசைந்தது.

"அசையுதுங்க!" மனைவி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொழச்சோம். எப்படியோ ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதே, அது போதும்."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஆஸ்பத்திரி ஊழியர், காலி டம்ளர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா, காபி குடுத்துட்டீங்களா? முதுகுல ஊசி போடவே இப்பத்தாம்மா கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்!"